வாத்தியாருக்குக் கப்பலில் என்ன வேலை?

கப்பல் என்றால் அதில் மாலுமிகள் இருப்பார்கள். சமையல்காரர் இருப்பார். யந்திரம் ஓட்டுகிறவர்கள் இருப்பார்கள். ஒரு டாக்டரும் இருப்பார்.

பள்ளிக்கூட வாத்தியார் இருப்பாரா?

இருந்திருக்கிறார்! ஒருவர் அல்ல, பலர். வாரக் கணக்கில், மாதக் கணக்கில் நடுக்கடலில் தங்கி, அங்கிருந்தபடியே கரையில் உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

அந்தக் கப்பலின் பெயர் "ஜாய்டஸ் ரெசலூஷன்". அமெரிக்கர்கள் நடத்திய ஆராய்ச்சிக் கப்பல் அது. பல நாடுகள் அந்த ஆராய்ச்சியில் பங்கு கொண்டன, விஞ்ஞானிகளை அனுப்பின. இந்தியாவும் அவற்றில் ஒன்று. 1985-ம் ஆண்டு முதல் 2024-ம் ஆண்டு வரை அது கடல் கடலாகச் சுற்றியது. சரக்கு ஏற்றவில்லை. மீன் பிடிக்கவில்லை. கடலுக்கு அடியில் இருக்கும் தரையைத் துளைத்து, மண்ணையும் பாறையையும் மேலே எடுப்பது ஒன்றுதான் அதன் தொழில்.

"எங்கள் ஜில்லாவில் கடலே கிடையாது. இந்தக் கதை எங்களுக்கு எதற்கு?" என்று கம்பத்து வாசகர் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைவது எதனால்? பெரியாற்றுத் தண்ணீரால். பெரியாற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மலையில் பெய்யும் மழையிலிருந்து. அந்த மழை எங்கிருந்து வருகிறது? அரபிக் கடலிலிருந்து!

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. இந்தப் பக்கம் நமக்குச் சாரல்தான். பெரியாறு மேற்கே ஓடி, மறுபடியும் அந்தக் கடலிலேயே விழ வேண்டிய ஆறு. 1895-ம் ஆண்டு பென்னிகுயிக் கட்டி முடித்த அணை அதை மறித்தது. மலையைக் குடைந்து, ஒரு பகுதித் தண்ணீரைக் கிழக்கே திருப்பியது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இரு போகம் விளைகிறது.

ஜூன் மாதம் பிறந்தால் கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை ஒரே பேச்சு. "அணையில் எத்தனை அடி? தண்ணீர் திறப்பார்களா?"

அந்த மழையின் பழைய கணக்கு கடலுக்கு அடியில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கப் போன கப்பல்தான் இது.

நமது கடலுக்கு வந்தது

2014-ம் ஆண்டு நவம்பர் கடைசியில் இந்தக் கப்பல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி வங்காள விரிகுடாவுக்கு வந்தது. மகாநதிக் கரைக்கு அப்பாலும், அந்தமான் பக்கமும் துளை போட்டது. மறு ஆண்டு, 2015 மார்ச் 31-ல், கொழும்பிலிருந்து புறப்பட்டு அரபிக் கடலுக்குப் போனது. 2 மாதம் கழித்து, மே 31-ல் பம்பாய் (இன்றைய மும்பை) துறைமுகத்தில் அந்தப் பயணம் முடிந்தது. அதற்குத் தலைமை வகித்த 2 விஞ்ஞானிகளில் ஒருவர் இந்தியர். கோவாவில் உள்ள மத்திய அரசின் துருவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்.

துளை போடுவது நம் ஊருக்குப் புதிது அல்ல. போர் போடும் லாரி வராத கிராமம் தேனி ஜில்லாவில் உண்டா? இரவெல்லாம் அது போடும் சத்தம் நமக்குத் தெரியும். குழாயோடு குழாய் சேர்த்து இறக்குவதைப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

அதே வேலைதான் கப்பலிலும். ஆனால் அளவைப் பாருங்கள்!

கப்பலின் நடுவே ஓர் இரும்புக் கோபுரம். தண்ணீர் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 200 அடி உயரம். திருவில்லிபுத்தூர் கோபுரத்தைவிடச் சற்று அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நேர் கீழே கப்பலின் வயிற்றில் ஒரு பெரிய ஓட்டை. அதன் வழியாகக் குழாயை இறக்குகிறார்கள்.

அரபிக் கடலில் அவர்கள் துளைத்த ஓரிடத்தில் தண்ணீரின் ஆழம் 3,600 மீட்டருக்கு மேல். நம் மலைத்தொடரிலேயே பெரியதான ஆனைமுடியை (2,695 மீட்டர்) அங்கே கொண்டுபோய் வைத்தால், முழுவதும் மூழ்கி, அதற்கு மேலே இன்னும் 900 மீட்டர் தண்ணீர் நிற்கும்! அத்தனை தண்ணீரையும் தாண்டிக் குழாய் தரையைத் தொட்டது. பிறகு தரைக்குள் மேலும் 1,100 மீட்டருக்கு மேல் இறங்கியது.

இந்த ஆழத்தில் நங்கூரம் போட முடியாது. கப்பல் நகர்ந்தால் குழாய் முறியும். ஆகவே கப்பலுக்கு அடியில் 12 உந்து யந்திரங்கள் இரவும் பகலும் சுழன்று, காற்றும் அலையும் தள்ளத் தள்ள, கப்பலை அதே இடத்தில் நிறுத்தி வைத்தன.

குழாயில் வந்த சரித்திரம்

தரையிலிருந்து மண் எப்படி வருகிறது? பொடியாக அல்ல. ஒரு நீண்ட பிளாஸ்டிக் குழாய்க்குள், தூண் மாதிரி, அடுக்குக் கலையாமல் வருகிறது. ஒரு தூண் ஏறக்குறைய 9 1/2 மீட்டர் நீளம். மேலே வந்ததும் "கோர் ஆன் டெக்" என்று ஒலிபெருக்கியில் கூவுகிறார்கள். "மண் தூண் வந்துவிட்டது" என்று அர்த்தம். உடனே சிப்பந்திகள் ஓடி வந்து, அதை வரிசையாகப் பிடித்துத் தூக்கிப் போகிறார்கள். 1 1/2 மீட்டர் துண்டுகளாக வெட்டுகிறார்கள். பிறகு வாழைத்தண்டைப் பிளப்பதுபோல நெடுக்காக இரண்டாகப் பிளக்கிறார்கள். ஒரு பாதி ஆராய்ச்சிக்கு. மறு பாதி தொடாமல் பத்திரப்படுத்த.

அந்த மண்ணில் என்ன இருக்கிறது?

ஆற்றில் வந்த வண்டல் இருக்கிறது. காற்றில் வந்த தூசி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு கடல் உயிர்களின் ஓடுகள் கோடிக் கணக்கில் இருக்கின்றன. அந்த ஓடுகள்தான் சாட்சி! நல்ல மழை பெய்து, ஆற்று வெள்ளம் கடலில் கலந்த காலத்தில் வளர்ந்த ஓடு ஒரு விதம். மழை பொய்த்து, கடல் வெறும் உப்பாக இருந்த காலத்தில் வளர்ந்த ஓடு வேறு விதம். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். யந்திரத்தில் வைத்துச் சோதித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் மண்தான் படியும் இடங்கள் பல உண்டு. ஆறுகளுக்கு அருகில் சற்று வேகமாகப் படியும். எப்படியானாலும் கீழே போகப் போகக் காலம் பின்னே போகிறது.

வங்காள விரிகுடா மண்ணைக் கொண்டு 9 லட்சம் ஆண்டுகளின் மழைக் கணக்கை விஞ்ஞானிகள் எழுதினார்கள். அது 2021-ல் வெளிவந்தது. காற்றில் கரியமில வாயு அதிகமாகி, உலகின் பனிக்கட்டிகள் சுருங்கிய காலங்களில் நம் பருவமழை பலத்திருக்கிறது என்பது அதில் கண்ட முடிவு. இன்று கரியமில வாயு ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே இது வெறும் பழங்கதை அல்ல. அணையில் எத்தனை அடி என்று கேட்கிறவர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம்.

அரபிக் கடலில் வேறொரு அதிசயமும் கிடைத்தது. ஏறக்குறைய 1 கோடியே 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் மேற்குக் கரையை ஒட்டிய கடலடிச் சரிவு அப்படியே இடிந்து விழுந்திருக்கிறது. போடிமெட்டுப் பாதையில் ஒரு பாறை உருண்டாலே பஸ் நின்றுவிடுகிறது. இதுவோ 330 கிலோ மீட்டர் நீளம், 190 கிலோ மீட்டர் அகலத்துக்குப் பரவிய சரிவு! சில இடங்களில் 800 மீட்டர் பருமன். இதற்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? "நடராஜர் சரிவு"! அது விழுந்து கிடக்கும் பள்ளத்தின் பெயர் லட்சுமி பள்ளம். பக்கத்திலேயே கடலுக்குள் ஒரு மலை. அதன் பெயர் ராமன் மலை. சர் சி.வி. ராமனின் பெயர்தான்.

கடலுக்கு அடியில் நம் தெய்வங்களும் நம் விஞ்ஞானியும் இருக்கிறார்கள். நம் பாடப் புத்தகம் படிக்கும் பிள்ளைக்கு இது தெரியுமா?

வாத்தியாரின் நாள்

இப்போது வாத்தியாரிடம் வருவோம்.

2005-ம் ஆண்டு, துளை போடாமல் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்குப் போகும் சமயத்தில், இந்தக் கப்பலில் ஆசிரியர்களை ஏற்றிச் சென்று பாறையையும் மண்ணையும் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். அது நல்ல பலன் தந்தது. பிறகு ஆராய்ச்சிப் பயணங்களிலேயே ஆசிரியர் ஒருவரையோ இருவரையோ அழைத்துப் போகத் தொடங்கினார்கள்.

கப்பலில் சுமார் 120 பேர். அதில் வாத்தியாரும் ஓர் ஆள். அவருக்குத் தனிச் சலுகை கிடையாது. ஒரு சின்ன அறை, மேலும் கீழுமாகக் கட்டில், கூட ஒருவர். ஒருவர் தூங்கும்போது மற்றவர் வேலையில் இருப்பார். வேலை 12 மணி நேரம். பகல் 12 மணி முதல் இரவு 12 மணி வரை ஒரு கோஷ்டி. இரவு 12 முதல் பகல் 12 வரை இன்னொரு கோஷ்டி. ஞாயிறு கிடையாது. பண்டிகை கிடையாது. ஒருவர் காலைப் பலகாரம் சாப்பிடும் மேஜையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்!

முதல் சில நாள் தலை சுற்றும், வாந்தி வரும். குமுளி மலைப் பாதையில் பஸ்ஸில் போகும்போது சிலருக்கு வருகிறதே, அதேதான். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கிவிடலாம். இதில் இறங்க முடியாது. அலை பெரிதாக இருந்தால் தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிட வேண்டும். அவ்வப்போது மணி அடித்து, மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு படகு அருகே வந்து நிற்கும்படி பழக்குவார்கள். மதுபானம் கூடாது. 2 மாதம் நிலத்தைப் பார்க்க முடியாது. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் டெலிபோனில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆசிரியைகள் பலரும் இப்படிப் போய் வந்திருக்கிறார்கள்.

அவருக்கு வேலை என்ன? விஞ்ஞானிகளிடம் போய் "இது என்ன, அது எதற்கு?" என்று கேட்பது. புரியாவிட்டால் மறுபடியும் கேட்பது. புரிந்ததைப் பிள்ளைகளுக்குப் புரியும் விதத்தில் சொல்வது.

கையில் காமிரா உள்ள ஒரு கருவியை வைத்துக்கொண்டு கப்பல் முழுக்க நடப்பார். ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு வகுப்பறையில் பிள்ளைகள் திரையில் அவரைப் பார்ப்பார்கள். "இதோ, இப்போதுதான் மேலே வந்த மண். பத்து லட்சம் வருஷம் பழையது. இதைத் தொட்ட முதல் மனிதர் இதோ நிற்கிறார். அவரையே கேளுங்கள்" என்பார். அந்த ஊருக்குப் பகல் 10 மணி என்றால் கப்பலில் நடு ராத்திரியாக இருக்கும். அதற்காக எழுந்து, முகம் கழுவி, சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும்.

பிள்ளைகள் விஞ்ஞானத்தையா முதலில் கேட்பார்கள்? என்ன சாப்பிடுகிறீர்கள், எங்கே தூங்குகிறீர்கள், சுறா வந்ததா என்றுதான் கேட்பார்கள். நல்ல வாத்தியார் அதற்கும் பதில் சொல்லி, அங்கிருந்தே மெல்ல மண்ணுக்கு அழைத்துப் போவார். இதை எந்த விஞ்ஞானியும் அவரைப்போலச் செய்ய முடியாது. பிள்ளைகளோடு பழகின கைக்குத்தான் அது வரும்.

ஒரு வேடிக்கையும் செய்வதுண்டு. பிள்ளைகள் பெயர் எழுதி, படம் வரைந்து கொடுத்த தெர்மகோல் கோப்பைகளை ஒரு வலைப்பையில் போட்டு, கடலுக்குள் இறக்கும் காமிராவோடு கட்டி அனுப்புவார்கள். 3,600 மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் நாம் நிற்கும் இடத்துக் காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய 360 மடங்கு. கோப்பைக்குள் இருக்கும் காற்றெல்லாம் நசுங்கி, அது கட்டை விரல் அளவுக்குச் சுருங்கித் திரும்பும். எழுத்தும் படமும் அழியாமல் குட்டியாக இருக்கும்! அழுத்தம் என்றால் என்ன என்று கரும்பலகையில் ஒரு மணி நேரம் சொல்வதை அந்தக் கோப்பை ஒரு நொடியில் சொல்லிவிடும்.

பொட்டிப்புரத்தில் பார்த்தோமே

"இதெல்லாம் பணக்கார நாட்டு ஆடம்பரம். வாத்தியார் படுக்கும் கட்டிலில் இன்னொரு விஞ்ஞானி படுத்தால் கூட வேலை நடக்குமே" என்று சிலர் சொல்லக் கூடும்.

நாம் அப்படி நினைக்கவில்லை. காரணத்தை வெளியூரில் தேட வேண்டாம். தேனி ஜில்லாவிலேயே இருக்கிறது.

போடிக்கு மேற்கே, பொட்டிப்புரம் பக்கத்து மலையில் சுமார் 2 கிலோ மீட்டர் சுரங்கம் குடைந்து, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயப் போவதாக மத்திய அரசு சொன்னது. 2015 ஜனவரியில் மந்திரி சபை ஒப்புதல் கொடுத்தது. ஜனங்கள் எதிர்த்தார்கள். வழக்குகள் நடந்தன. 2022-ல் தமிழ்நாடு அரசே திட்டம் வேண்டாம் என்று சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது. திட்டம் நல்லதா, கெட்டதா? மலையும் நீரும் கெடுமா, கெடாதா? அந்த வழக்குக்குள் நாம் இப்போது போகவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தோம். விஞ்ஞானிகள் ஒரு பாஷை பேசினார்கள். கிராமம் வேறு பாஷை பேசியது. நடுவில் நின்று, இரண்டையும் தெரிந்து, இரு பக்கத்தாரும் நம்பக் கூடிய ஆள் போதவில்லை. "குண்டு வெடிக்குமா? கிணறு வற்றுமா? மாடு மேய்க்க விடுவார்களா?" இப்படிக் கேட்கிற ஜனங்களுக்கு, உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை என்று சொல்ல, ஊருக்குத் தெரிந்த ஒருவர் வேண்டும். கிராமத்தில் அப்படிப்பட்டவர் யார்? மணியக்காரரா? அதிகாரியா? பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்தான்.

அவரே ஆராய்ச்சியைக் கண்ணால் பார்த்திருந்தால்? விஞ்ஞானிகள் தங்களுக்குள் சண்டை போடுவதையும், நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிக்கொள்வதையும், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதையும் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால்? விஞ்ஞானத்தை எங்கே நம்பலாம், எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் வழியாக ஊருக்கும் தெரிந்திருக்கும்.

ஒரு கட்டில் ஒதுக்குங்கள்

ஜாய்டஸ் ரெசலூஷன் 2024 ஆகஸ்டில் தன் கடைசிப் பயணத்தை முடித்துக்கொண்டது. அதை நடத்தப் பணம் ஒதுக்குவதை அமெரிக்க அரசின் விஞ்ஞான அமைப்பு நிறுத்திவிட்டது. நம் கடலில் அது எடுத்த மண் தூண்களைக் கொச்சியில் வைத்திருக்கிறார்கள். குமுளி வழியாகப் போகிறோமே, அந்தக் கொச்சி அல்ல! ஜப்பானில் கொச்சி என்று ஓர் ஊர் இருக்கிறது. நம் மழையின் கணக்குப் புத்தகம் அங்கே குளிர்ந்த அறையில் அடுக்கி இருக்கிறது.

ஆகவே இனி நம் கப்பல்களைப் பற்றித்தான் பேச வேண்டும். நமக்குக் கப்பல் இல்லாமல் இல்லை. 1993-ல் தொடங்கிய தேசிய கடல் தொழில்நுட்ப நிலையம் சென்னை பள்ளிக்கரணையில் நடக்கிறது. அது நடத்தும் கப்பல் "சாகர் நிதி"; 100 மீட்டருக்கு மேல் நீளம். "சாகர் கன்யா" 1983-லிருந்து நம்மிடம் இருக்கிறது. இவை ஜாய்டஸ்போல ஆயிரம் மீட்டர் துளைக்கும் கப்பல்கள் அல்ல. ஆனால் கடல் ஒன்றுதான், விஞ்ஞானம் ஒன்றுதான். மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பும் "மத்ஸ்யா" என்ற வாகனத்தையும் சென்னை நிலையம் உருவாக்கி வருகிறது.

இந்தக் கப்பல்கள் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டில் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு என்று விதி செய்ய வேண்டும். அதிலும் கடற்கரை ஜில்லாக்காரருக்கு முன்னுரிமை வேண்டாம். கடலைப் பார்க்காத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு முதலில் கொடுங்கள். கம்பம், சின்னமனூர், போடி, வருசநாடு என்று ஆரம்பிக்கலாம். அந்த நாட்களை லீவாகக் கழிக்காமல் வேலை நாளாகவே கணக்கு வைக்க வேண்டும். ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறாரா என்று பரீட்சை வைத்து நல்ல வாத்தியார்களைத் தள்ளிவிடக் கூடாது. பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லத் தெரிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

"வாத்தியார் போய்விட்டால் வகுப்பை யார் பார்ப்பது?" என்று கல்வி அதிகாரிகள் கேட்பார்கள். அதற்கும் வழி உண்டு. அரபிக் கடலில் அந்தக் கப்பல் துளை போட்டது ஏப்ரலிலும் மே மாதத்திலும். பருவக்காற்று தொடங்குமுன் கடல் சற்று அடங்கி இருக்கும் காலம் அது. நம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறையும் அப்போதுதான். மே கடைசியில் கரை இறங்குகிற வாத்தியார், ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் வகுப்பில் இருப்பார். அணையில் எத்தனை அடி என்று ஊர் கேட்டுக்கொண்டிருக்கும் சமயம்.

போகிறவர் தம் பெட்டியில் துணிமணிகளோடு 30 தெர்மகோல் கோப்பைகளையும் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். பெயர்களை ஏப்ரலில் பரீட்சை முடிந்த அன்றே எழுதி வாங்கிவிடலாம்.